100 எம்பி பார்டிஷனை பார்மட் அடிச்சதுல பூட் ஆகாம போன கடை கம்ப்யூட்டர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தஞ்சாவூர் மாவட்டத்துல ஒரு சின்ன ஊரு, பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கும்பாபிஷேக நோட்டீஸ், ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன்னு எல்லாம் ஓடுற கடை. ஓனர் இருபது வருஷத்துக்கு மேல இதே தொழில்ல இருக்காரு. கடையில ரெண்டு கம்ப்யூட்டர் இருந்தாலும் டிசைன் வேலை முழுக்க நடக்கறது ஒண்ணுலதான், இங்க எழுதறது அந்த மெஷினைப் பத்தி. நான் அந்தப் பக்கம் சர்வீஸ் வேலை பாக்கறவன். யாரோட பேரும் போடல, அது தேவையும் இல்ல.

மெஷின் ஒரு ஐ3 ஆறாவது ஜெனரேஷன், 8 ஜிபி ரேம். வாங்கும்போது 1 டிபி ஹார்டிஸ்க் மட்டும்தான் இருந்துச்சு. ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சுன்னு ரெண்டு வருஷம் முன்னாடி டவுன்ல ஒரு கடையில குடுத்து 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டு அதுல புதுசா விண்டோஸ் 10 ஏத்தி வாங்கியிருக்காரு. ஹார்டிஸ்க்ல முன்னாடி சி டிரைவா இருந்த 200 ஜிபி இடம் ஈ டிரைவ் ஆச்சு, மீதி டி டிரைவாவே இருந்துச்சு. ஸ்பீடு நல்லா வந்துச்சு, எல்லாருக்கும் சந்தோஷம்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், மொத்த கேஸும் இதுலதான் இருக்கு. எஸ்எஸ்டியில விண்டோஸ் போடும்போது பழைய ஹார்டிஸ்க்கைக் கழட்டி வைக்கல. ரெண்டும் மாட்டியிருக்கும்போது விண்டோஸ் செட்டப் என்ன பண்ணும்னா, ஏற்கனவே ஹார்டிஸ்க்ல ஒரு ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்டிஷன் (மெஷினைக் கிளப்பற பூட் ஃபைல் வைக்கன்னு டிஸ்க்ல தனியா பிரிச்ச சின்னப் பகுதி) இருக்கறதைப் பாத்துட்டு, பூட் ஃபைல் எல்லாத்தையும் அதுலயே கொண்டு போய் வச்சிடும், எஸ்எஸ்டியில தனியா ஒண்ணு உருவாக்காது. அதாவது விண்டோஸ் இருக்கறது எஸ்எஸ்டியில, அதைக் கிளப்பி விடற சின்ன ஃபைல்கள் இருக்கறது ஹார்டிஸ்க்ல, 100 எம்பி இடத்துல. மெஷின் தினமும் நல்லாதான் ஓடும், யாருக்கும் சந்தேகமே வராது.

நடந்தது என்ன

வைகாசி மாசம், முகூர்த்தம் நெருங்குற நேரம், பத்திரிகை ஆர்டர் குவிஞ்சு கிடக்கு. ஹார்டிஸ்க்ல இடம் இல்லன்னு ஓனரோட அக்கா பையன், காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கறவன், லீவுக்கு வந்தவன் "நான் சுத்தம் பண்ணித் தரேன் மாமா"ன்னு உக்காந்திருக்கான். அக்கறையாத்தான் செஞ்சிருக்கான், ஈ டிரைவ்ல இருந்ததை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி பண்ணி வச்சுட்டுதான் பார்மட் அடிச்சிருக்கான். ஆனா காப்பி பண்ணும்போது ஒரு போல்டர் விட்டுப் போச்சு, அது பின்னாடி வருது.

ஈ டிரைவ் முடிஞ்சதும் பக்கத்துல பேரு இல்லாம 100 எம்பி பார்டிஷன் ஒண்ணு தெரிஞ்சிருக்கு. இதையும் சேத்து ஒரே டிரைவா ஆக்கிடலாம்னு தோணியிருக்கு. விண்டோஸோட டிஸ்க் மேனேஜ்மென்ட்ல அதுமேல ரைட் கிளிக் பண்ணா ஹெல்ப்ங்கறதைத் தவிர வேற எதுவும் வரல. ஏன் வரலன்னு யோசிக்காம, நெட்ல இருந்து ஒரு ஃப்ரீ பார்டிஷன் சாஃப்ட்வேர் எடுத்து, அதுல அந்த 100 எம்பிய என்டிஎஃப்எஸ்ஸா (விண்டோஸ் தன் ஃபைலை அடுக்கி வைக்கற முறை) பார்மட் அடிச்சிட்டான். அந்த சாஃப்ட்வேர் எதுவும் தடுக்கல. அடுத்து மெர்ஜ் பண்ணணும்னா ரீஸ்டார்ட் கேட்டுச்சு, ரீஸ்டார்ட் குடுத்தான். அதோட சரி, விண்டோஸ் வரவே இல்ல, நேரா பயாஸ் ஸ்க்ரீன் (மதர்போர்டோட செட்டிங் ஸ்க்ரீன்) வந்து நின்னுடுச்சு.

அப்புறம் ஒரு மூணு மணி நேரம் அவனே என்னென்னமோ பண்ணிப் பாத்திருக்கான். பூட் ஆர்டர் மாத்தினது, பயாஸ்ல லெகஸி சப்போர்ட்டை (பழைய முறையில பூட் பண்றதை) ஆன் பண்ணினது. அதுக்கப்புறம் பயாஸ் ஸ்க்ரீனும் போய் கறுப்பு ஸ்க்ரீன்ல "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்"னு வர ஆரம்பிச்சுது. ஃப்ரெண்டோட லேப்டாப்ல விண்டோஸ் பூட் பென்டிரைவ் போட்டுட்டு வந்து ஸ்டார்ட்டப் ரிப்பேர் ஓட்டினான், ரிப்பேர் பண்ண முடியலன்னு சொல்லிடுச்சு. ஒரு வீடியோவைப் பாத்து பூட் ரிப்பேருக்கான பூட்ரெக் கமாண்ட் அடிச்சான், ஃபிக்ஸ்எம்பிஆர் சக்சஸ்னு வந்துச்சு, ஃபிக்ஸ்பூட் "ஆக்சஸ் இஸ் டினைட்"னு வந்துச்சு. அந்த வீடியோவோட கடைசி வழி என்னன்னா எல்லா பார்டிஷனையும் டெலிட் பண்ணிட்டு புதுசா ஓஎஸ் போடறது. அதைப் பண்ணப் போறப்பதான் ஓனர் எனக்கு போன் அடிச்சாரு.

"தம்பி, மெஷின் ஆன் ஆகுது, உள்ள போகல. பையன் பார்மட் அடிச்சு ஓஎஸ் போட்றலாம்ங்கறான், போடச் சொல்லவா?"

"அண்ணே, எதையும் தொட வேணாம், கரன்ட்டை ஆஃப் பண்ணி வைங்க, காலையில கடை திறக்கற நேரத்துக்கு நான் வந்துடறேன்."

போன்ல அவ்வளவுதான் சொன்னேன். இப்ப யோசிச்சுப் பாத்தா அன்னைக்கு செஞ்சதுலயே முக்கியமான வேலை இதுதான்.

போய் பாத்தது

முதல்ல பையனை உக்கார வச்சு என்னென்ன பண்ணான்னு வரிசையா கேட்டேன், திட்டல. திட்டினா பாதியை மறைச்சிடுவாங்க, அப்புறம் நமக்குத்தான் கஷ்டம். மாமா பக்கத்துல நிக்கறதால முதல்ல தயங்கினான், ஓனரை ஒரு டீ வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பின பிறகுதான் 100 எம்பி விஷயத்தைச் சொன்னான், "அது சும்மா காலியாதான் இருந்துச்சு அண்ணா, லெட்டர் கூட இல்ல"ன்னான்.

பயாஸ்ல போய் பாத்தா எஸ்எஸ்டி, ஹார்டிஸ்க் ரெண்டு பேரும் சரியா தெரியுது. அப்ப டிஸ்க் செத்துப் போகல, கேபிள் லூஸ் இல்ல. பூட் லிஸ்ட்ல எப்பவும் முதல்ல நிக்க வேண்டிய "விண்டோஸ் பூட் மேனேஜர்"ங்கற வரி மட்டும் காணோம். இந்த மாதிரி கேஸ்ல நான் முதல்ல தேடறது இந்த வரியைத்தான். டிஸ்க் தெரிஞ்சு இந்த வரி தெரியலன்னா விண்டோஸ் அழிஞ்சிருக்கணும்னு இல்ல, அதைக் கூப்பிடற ஃபைல் இருக்க வேண்டிய இடத்துல இல்லன்னு அர்த்தம்.

லெகஸி சப்போர்ட்டை திரும்ப ஆஃப் பண்ணினேன். இந்த டிஸ்க் ரெண்டும் ஜிபிடி வகை (பார்டிஷன் பட்டியலை வைக்கற புது முறை), விண்டோஸும் யூஈஎஃப்ஐ முறையில (பழைய பயாஸுக்குப் பதிலா வந்த பூட் முறை) போட்டது, அதை லெகஸியில கிளப்பவே முடியாது. அதனாலதான் பையன் அதை ஆன் பண்ணின பிறகு மெசேஜ் மாறிச்சே தவிர பிரச்சனை மாறல. ரெண்டு வேற வேற மெசேஜ் பாத்ததும் ரெண்டு பிரச்சனைன்னு அவன் நினைச்சுக்கிட்டான், அங்கதான் ரொம்ப நேரம் போச்சு.

அடுத்து பென்டிரைவ்ல இருந்து உபுண்டுங்கற லினக்ஸ் ஓஎஸ்ஸை லைவ்வா, அதாவது டிஸ்க்ல ஏத்தாம, கிளப்பி பார்டிஷன் லிஸ்ட் பாத்தேன். எஸ்எஸ்டியில 16 எம்பி ரிசர்வ்ட் பார்டிஷன், 222 ஜிபி கிட்ட விண்டோஸ், கடைசியில ஒரு சின்ன ரெகவரி பார்டிஷன். பூட் ஃபைல் வைக்கற ஃபாட்32 வகை பார்டிஷன் ஒண்ணு கூட இல்ல. ஹார்டிஸ்க்ல முதல்லயே 100 எம்பி, இப்ப என்டிஎஃப்எஸ், உள்ள காலி. விஷயம் அங்கயே தெளிவாயிடுச்சு. மதர்போர்டுல இருக்கற யூஈஎஃப்ஐ ஃபாட் வகை ஃபைல் சிஸ்டத்தைத்தான் தேடிப் படிக்கும், அதுக்குன்னு இருந்த ஒரே இடத்தை என்டிஎஃப்எஸ் ஆக்கியாச்சு, உள்ள இருந்த பூட் ஃபைலும் போயாச்சு.

விண்டோஸ் பார்டிஷனை ரீட் ஒன்லியா, அதாவது எதுவும் எழுதாம, திறந்து பாத்தேன், எல்லாம் அப்படியே இருந்துச்சு. டெஸ்க்டாப்ல பாதி முடிஞ்ச பத்திரிகைகள் கூட வரிசையா இருந்துச்சு. ஓனரைக் கூப்பிட்டு ஸ்க்ரீனைக் காட்டினேன், மனுஷன் ரெண்டு கையையும் தலையில வச்சுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்துட்டாரு, அப்பதான் நைட்டெல்லாம் தூங்கலன்னு சொன்னாரு.

ஹார்டிஸ்க் தன் நிலைமையைத் தானே பதிஞ்சு வைக்கற ஸ்மார்ட் விவரத்தையும் பாத்தேன். 21,000 மணி நேரத்துக்கு மேல ஓடியிருக்கு, ரீஅலொகேட்டட் செக்டர் (கெட்டுப் போய் வேற இடத்துக்கு மாத்தின பகுதி) 8 இருந்துச்சு, பென்டிங் (கெட்டிருக்கலாம்னு சந்தேகப்படற பகுதி) ஒண்ணும் இல்ல. உடனே சாகற டிஸ்க் இல்ல, ஆனா நம்பி ஒரு வேலையை ஒப்படைக்கிற டிஸ்க்கும் இல்ல.

இந்த நேரத்துலதான் ஓனர் கேட்டாரு, "ஈ டிரைவ்ல ஸ்கேன்னு ஒரு போல்டர் இருக்குமே, அதையும் எடுத்து வச்சியாடா?" பையன் முகம் மாறிடுச்சு. ஏழெட்டு வருஷமா ஸ்கேன் பண்ணி வச்ச பழைய போட்டோக்கள், ரெண்டு கோயிலோட கும்பாபிஷேக மலர் பக்கங்கள், எல்லாம் அதுல. எக்ஸ்டர்னல் டிஸ்க்ல தேடினா இல்ல. அந்த போல்டர் பழைய சி டிரைவோட யூசர் போல்டருக்குள்ள இருந்திருக்கு, பையன் வெளிய தெரிஞ்சதை மட்டும் காப்பி பண்ணியிருக்கான்.

என்ன முடிவு எடுத்தோம், ஏன்

மூணு வழி இருந்துச்சு.

புதுசா விண்டோஸ் போடறது முதல் வழி. எங்க தொழில்ல பாதிப் பேரு இதைத்தான் பண்ணுவாங்க, கஸ்டமரும் சரின்னுடுவாரு. ஒரு மணி நேரத்துல மெஷின் ஆன் ஆயிடும், ஆனா அந்தக் கடைக்கு மெஷின் ஆன் ஆகறது மட்டும் போதாது. பேஜ்மேக்கர் 7, கோரல்டிரா, இருபது வருஷமா சேத்த தமிழ் ஃபான்ட்டு, அதுல பாமினி மாதிரி யூனிகோட் இல்லாத ஃபான்ட்டுதான் நிறைய, தமிழ் டைப் பண்ற என்எச்எம் ரைட்டர் செட்டிங், ரெண்டு பிரின்டருக்கு கலர் செட் பண்ணி வச்சது. இதுல எந்த ஃபான்ட்டு விட்டுப் போனாலும் பழைய ஃபைலைத் திறந்தா தமிழுக்குப் பதிலா இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா வரும், போன வருஷம் அடிச்ச அதே பத்திரிகை மாதிரியே வேணும்னு வர்ற கஸ்டமருக்கு என்ன பதில் சொல்றது? சில சாஃப்ட்வேருக்கு சிடியே இப்ப அவர்கிட்ட இல்ல. விண்டோஸ் 11 போட்றலாமேன்னு ஒரு பேச்சு வந்துச்சு, அந்த ப்ராசஸருக்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் இல்ல, இன்டெல்ல பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் குடுக்கறாங்க. அதனால இந்த வழியை முதல்லயே ஒதுக்கிட்டேன்.

ரெண்டாவது வழி, அதே 100 எம்பிய திரும்ப ஃபாட்32 ஆக்கி பூட் ஃபைலை அதுலயே எழுதிடறது. அஞ்சு நிமிஷ வேலை, கண்டிப்பா கிளம்பும். ஸ்கேன் போல்டர் விஷயம் தெரியலன்னா ஒருவேளை இதைத்தான் பண்ணியிருப்பேன். 100 எம்பிக்குள்ள எழுதறதால ஈ டிரைவ் நேரடியா கெடாதுதான், ஆனா ஹார்டிஸ்க் மாட்டியிருக்கும்போது விண்டோஸ் கிளம்பிச்சுன்னா அது சும்மா இருக்காது, ஈ டிரைவ்ல தன்னோட போல்டர்களை உருவாக்கும், கடையில யாராவது பழக்கதோஷத்துல எதையாவது அங்க சேவ் பண்ணுவாங்க. பார்மட் அடிச்ச இடத்துல புதுசா என்ன எழுதினாலும் அது பழைய ஃபைல் ஒண்ணு மேலதான் போய் விழும். அதோட வயசான அந்த ஹார்டிஸ்க் என்னைக்காவது போச்சுன்னா எஸ்எஸ்டி நல்லா இருந்தும் மெஷின் கிளம்பாது, அந்தக் குறை அப்படியே இருக்கும்.

மூணாவது வழி, ஹார்டிஸ்க்கைக் கழட்டி தனியா வச்சுட்டு, எஸ்எஸ்டியிலயே கொஞ்சம் இடம் எடுத்து அதுல ஈஎஃப்ஐ பார்டிஷன் போட்டு எஸ்எஸ்டி தன் சொந்தக் கால்ல கிளம்பற மாதிரி பண்றது. கழட்டின ஹார்டிஸ்க்ல இருந்து ஃபைலை அப்புறம் நிதானமா மீட்கலாம். ஓனர்கிட்ட மூணையும் சொன்னேன், மூணாவதுல ஒரு ரிஸ்க் இருக்குன்னும் சொன்னேன். விண்டோஸ் இருக்கற பார்டிஷனை சுருக்கணும், நடுவுல கரன்ட் போச்சுன்னா கஷ்டம். அதனால முதல்ல காப்பி, அப்புறம்தான் கைவைக்கறதுன்னு பேசிக்கிட்டோம். "நீங்க எப்படி சொல்றீங்களோ அப்படியே தம்பி, நாளைக்கு மதியம் ஒரு பத்திரிகை குடுத்தாகணும், அது மட்டும் பாத்துக்கங்க"ன்னாரு.

செஞ்ச வேலை

உபுண்டுல இருந்தபடியே எஸ்எஸ்டியில இருந்து யூசர் போல்டர் முழுசா, விண்டோஸோட ஃபான்ட்ஸ் போல்டர், இன்னும் ரெண்டு மூணு போல்டர், மொத்தம் 46 ஜிபி, என்னோட எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி எடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி) போட்டிருந்தா இந்த இடத்துலயே நின்னிருப்போம், உள்ள இருக்கற ஃபைல் ரெகவரி கீ இல்லாம தெரியாது. இந்த மெஷின்ல அது இல்ல. புது லேப்டாப்புல பல நேரம் ஓனருக்கே தெரியாம என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருக்கும், அதனால அந்த மாதிரி மெஷின்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல கீ இருக்கான்னு பாத்து எழுதி வச்சுட்டுதான் மேல போகணும்.

அடுத்து ஆஃப் பண்ணி, ஹார்டிஸ்க்கோட பவர், டேட்டா ரெண்டு கேபிளையும் கழட்டிட்டேன். யூபிஎஸ் பேட்டரி நல்லா நிக்குதான்னு ப்ளக்கைப் பிடுங்கிப் பாத்துக்கிட்டேன்.

விண்டோஸ் பென்டிரைவைப் போட்டு பூட் மெனுவுக்குப் போனா சில மெஷின்ல பென்டிரைவ் பேரு ரெண்டு தடவ வரும், முன்னாடி யூஈஎஃப்ஐன்னு போட்டது ஒண்ணு, போடாதது ஒண்ணு. யூஈஎஃப்ஐன்னு இருக்கறதைத்தான் எடுக்கணும். இன்னொண்ணுல போனா நாம செய்யற வேலை மதர்போர்டோட பூட் லிஸ்ட்ல பதியாது, எல்லாம் சரியா பண்ணியும் கிளம்பலயேன்னு மண்டையைப் பிச்சுக்கணும்.

உள்ள போய் ரிப்பேர், ட்ரபிள்ஷூட், கமாண்ட் ப்ராம்ப்ட். முதல்ல செக்டிஸ்க் ஓட்டி விண்டோஸ் பார்டிஷன்ல எரர் இல்லன்னு பாத்துக்கிட்டேன். அப்புறம் பார்டிஷன் வேலைக்கான டிஸ்க்பார்ட் கமாண்ட். லிஸ்ட் டிஸ்க்ல ஒரே ஒரு டிஸ்க்தான் வந்துச்சு, ஜிபிடிங்கற கட்டத்துல ஸ்டார் இருந்துச்சு. தப்பான டிஸ்க்கை செலக்ட் பண்ற பயமே இல்ல, கழட்டி வச்சதுல இது ஒரு நிம்மதி. விண்டோஸ் பார்டிஷனை செலக்ட் பண்ணி 300 எம்பி சுருக்கச் சொன்னேன், ஒரு நிமிஷத்துல முடிஞ்சிது. அந்த இடத்துல 260 எம்பிக்கு ஈஎஃப்ஐ வகை பார்டிஷன் உருவாக்கி, ஃபாட்32ல குவிக் பார்மட் அடிச்சு, எஸ்னு லெட்டர் குடுத்தேன். 100 எம்பியே போதும், ஆனா 4கே செக்டர் (4,096 பைட் துண்டுகளா எழுதற) டிஸ்க்குகளுக்கு 260 வேணும், அதனால நான் எங்கயும் 260 போட்றது பழக்கம். இந்த பார்டிஷன் டிஸ்க்கோட ஆரம்பத்துலதான் இருக்கணும்னு நிறைய பேரு நினைக்கறாங்க, அப்படி ஒண்ணும் இல்ல, இங்க விண்டோஸுக்குப் பின்னாடிதான் இருக்கு, யூஈஎஃப்ஐ அதைத் தேடிக் கண்டுபிடிச்சுக்கும்.

கடைசியா, பூட் ஃபைலை எழுதற பிசிடிபூட் கமாண்ட். இதுக்கு மூணு விஷயம் சொல்லணும்: விண்டோஸ் போல்டர் எந்த டிரைவ்ல இருக்கு, பூட் ஃபைல் எந்த டிரைவுக்குப் போகணும், யூஈஎஃப்ஐயா லெகஸியா. முதல் விஷயத்துலதான் பல பேரு தப்பு பண்றாங்க, பென்டிரைவ்ல இருந்து கிளம்பும்போது சி டிரைவ் சியாவே இருக்கும்னு கிடையாது, டி ஆகவோ வேற லெட்டராவோ மாறி நிக்கும். டைரக்டரி லிஸ்ட் போட்டு விண்டோஸ் போல்டரை கண்ணால பாத்துட்டுதான் அடிக்கணும். அடிச்சேன், "பூட் ஃபைல்ஸ் சக்சஸ்ஃபுல்லி க்ரியேட்டட்"னு வந்துச்சு.

பென்டிரைவைப் பிடுங்கி ரீஸ்டார்ட் பண்ணினேன். விண்டோஸ் லோகோ வந்து, அதே வால்பேப்பர், அதே ஐகான்கள். மணி அப்ப மதியம் ஒண்ணே முக்கால். பையன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான், ஒண்ணும் பேசல.

உள்ள போனதும் ரெண்டு விஷயம் பாத்தேன். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்டிஷன்னு எஸ்எஸ்டியிலேயே காட்டுது. ரெகவரி வசதி டிசேபிள்னு இருந்துச்சு, பூட் லிஸ்ட் புதுசா எழுதினதால அதுக்கான தொடர்பு போயிருக்கு, ரீஏஜென்ட்சி கமாண்ட்ல எனேபிள் பண்ணி விட்டேன். இதைப் பண்ணாம விட்டாலும் மெஷின் ஓடும், அடுத்த தடவ ஏதாவது ஆனா ரிப்பேர் மெனு உள்ள இருந்து வராது. அன்னைக்கு சாயங்காலமே அந்தக் கல்யாணப் பத்திரிகை பிரின்ட்டுக்குப் போயிடுச்சு.

ஸ்கேன் போல்டரை மீட்டது

ஹார்டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டு வந்து, நேரா ரெகவரி சாஃப்ட்வேரை அதுமேல ஓட்டாம முதல்ல முழு டிஸ்க்கையும் டிடிரெஸ்க்யூ (டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கற சாஃப்ட்வேர்) வச்சு 2 டிபி டிஸ்க் ஒண்ணுல இமேஜா, அதாவது முழு நகலா, எடுத்தேன். மூணு மணி நேரம் கிட்ட ஆச்சு. அதுக்கப்புறம் ஒரிஜினலைத் தொடவே இல்ல, எல்லாத் தேடலும் இமேஜ் மேலதான்.

பையன் அடிச்சது குவிக் பார்மட், அதுவும் சுத்தற ஹார்டிஸ்க்ல. இந்த ரெண்டும்தான் காப்பாத்துச்சு. குவிக் பார்மட் ஃபைலை அழிக்காது, எந்த ஃபைல் எங்க இருக்குங்கற அட்டவணையோட ஆரம்பத்தை மட்டும் புதுசா எழுதும். குவிக்ங்கற டிக்கை எடுத்துட்டு முழு பார்மட் விண்டோஸ்ல அடிச்சிருந்தா விஸ்டாவுல இருந்து அது டிஸ்க் முழுக்க சைபர் எழுதும், அதுக்கப்புறம் யாராலயும் எதுவும் பண்ண முடியாது. அதே மாதிரி ஈ டிரைவ் எஸ்எஸ்டியில இருந்திருந்தா பார்மட் அடிக்கும்போதே ட்ரிம் (இந்த இடமெல்லாம் காலின்னு எஸ்எஸ்டிக்கு சொல்ற கமாண்ட்) போய் பெரும்பாலும் எல்லாம் காலியாகியிருக்கும்.

பழைய அட்டவணையில மிச்சம் இருந்த பதிவுகளைத் தேடி எடுத்ததுல பெரும்பாலான போட்டோ அதோட பேரு, போல்டரோட வந்துடுச்சு. விட்டுப் போனதுக்கு போட்டோரெக் ஓட்டினேன். அது ஃபைலோட உள்ளடக்கத்தைப் பாத்து எடுக்கும், பேரு வராது, எல்லாம் நம்பரா வரும். ஓனரும் பையனும் மூணு நாள் ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா திறந்து பேரு போட்டாங்க. எல்லாமே வரல. கும்பாபிஷேக மலர் ஒண்ணோட பெரிய டிஃப் (TIFF) படஃபைல்கள் துண்டு துண்டா கிடந்ததால பதினாலு பக்கம் திறக்கவே இல்ல, சிலது பாதிப் படம் வரைக்கும் வந்து கீழ சாம்பலா நின்னுச்சு.

என்ன மாத்தியிருக்கணும்

இதுல என் பங்கும் இருக்கு, அதை எழுதாம இந்த விவரம் முழுசாகாது. இது நடக்கறதுக்கு ஆறு மாசம் முன்னாடி அதே மெஷினுக்கு ஃபேன் மாத்தப் போயிருந்தேன். அன்னைக்கு ஏதோ காரணத்துக்கு டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தப்ப ஈஎஃப்ஐ பார்டிஷன் ஹார்டிஸ்க்ல இருக்கறதைப் பாத்தேன். பாத்ததும் எனக்குப் புரிஞ்சுது. ஆனா கேட்டது ஃபேன் வேலைதானே, ஓடற மெஷின்ல ஏன் கைவைக்கணும்னு வாய் திறக்காம வந்துட்டேன். கைவைக்காம வந்தது சரி, சொல்லாம வந்தது தப்பு. "அண்ணே, இந்த ஹார்டிஸ்க்கைக் கழட்டினாலோ பார்மட் அடிச்சாலோ கம்ப்யூட்டர் கிளம்பாது"ன்னு ஒரு வரி சொல்லி கேஸ் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா இது நடந்திருக்காது. இப்ப எந்த மெஷினைத் திறந்தாலும் விண்டோஸ் எதுல இருக்கு, பூட் எதுல இருக்குன்னு பாத்து பில்லு பின்னாடி எழுதிக் குடுக்கறேன்.

எஸ்எஸ்டியில ஓஎஸ் போடறவங்க மத்த எல்லா டிஸ்க்கையும் கழட்டிட்டுப் போடணும். ரெண்டு கேபிள் வேலை, ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. ஓஎஸ் ஏறி ரெண்டு தடவ ரீஸ்டார்ட் ஆன பிறகு மாட்டிக்கலாம்.

பையன் மாதிரி வீட்டுலயோ கடையிலயோ பார்டிஷன்ல கைவைக்கறவங்களுக்கு, டிஸ்க் மேனேஜ்மென்ட் ஸ்க்ரீனை முதல்ல போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க. அந்த ஒரு போட்டோ இருந்திருந்தா போன்லயே நான் விஷயத்தைச் சொல்லியிருப்பேன். சின்னதா, லெட்டர் இல்லாம, விண்டோஸ் பார்மட் பண்ணவே விடாத பார்டிஷன் இருந்துச்சுன்னா விண்டோஸ் ஒரு காரணத்தோடதான் தடுக்குது. அதைத் தாண்டறதுக்கு வேற சாஃப்ட்வேர் தேடாதீங்க, அது என்னன்னு யார்கிட்டயாவது கேளுங்க. பூட் ஆகலன்னா எஸ்எஸ்டி, ஹார்டிஸ்க் எது மேலயும் எதையும் எழுதாம நிறுத்திடணும். அந்தப் பையன் ராத்திரி நிறுத்தினதாலதான் பத்திரிகையும் தப்பிச்சுது, பழைய போட்டோவும் பெரும்பாலும் தப்பிச்சுது.

பேக்கப் விஷயத்துல, ஃபைலை இழுத்துப் போட்டு காப்பி பண்றதை விட்டுட்டு மொத்த டிரைவையும் எடுக்கணும், எடுத்த பிறகு ரெண்டு பக்கமும் போல்டர் எண்ணிக்கையும் சைஸும் ஒண்ணா இருக்கான்னு பாக்கணும். இங்க அந்த ஒரு ஒப்பீடு பண்ணியிருந்தா 200 ஜிபி டிரைவுக்கு இவ்வளவு கம்மியா காப்பி ஆகியிருக்கேன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும்.

பின்னாடி நடந்தது

பழைய ஹார்டிஸ்க்கை மெஷின்ல திரும்ப மாட்டல, புதுசா ஒண்ணு வாங்கி டி டிரைவ் ஃபைலை அதுக்கு மாத்தினோம். பழசு பீரோவுல துணி சுத்தி இருக்கு. சனிக்கிழமை கடை சாத்தறதுக்கு முன்னாடி எக்ஸ்டர்னல் டிஸ்க்ல பேக்கப் எடுக்கற ஒரு சின்ன பேட்ச் ஃபைல் (கமாண்டை வரிசையா ஓட்டற ஃபைல்) விண்டோஸோட ரோபோகாப்பி கமாண்ட் வச்சு எழுதிக் குடுத்தேன், டெஸ்க்டாப்ல ஐகானா இருக்கு, ரெண்டு தடவ கிளிக் பண்ணா போதும்.

வராம போன பதினாலு பக்கத்துக்கு, பையன் காலேஜ் திறக்கறதுக்கு முன்னாடி அந்தக் கோயில் கமிட்டித் தலைவர் வீட்டுக்கே போய், அச்சடிச்ச மலர் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிட்டு வந்து, பைன்டிங் விட்டுப் போகாம பக்கம் பக்கமா திரும்ப ஸ்கேன் பண்ணி, பேரு போட்டு, ரெண்டு டிஸ்க்லயும் வச்சுட்டுதான் ஊருக்குப் போனான்.